காயலான் கடைக்கும் குப்பை மேட்டுக்கும் நடுவே

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் ஒரகடம். கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் என்று சுற்றிலும் பெரிய பெரிய ஆலைகள். அவற்றுக்குக் கடல் கடந்து வரும் உதிரிபாகங்கள் மரப்பெட்டிக்குள் அடைபட்டோ, 'பேலட்' எனப்படும் மரத்தட்டின் மேல் ஏறியோதான் வருகின்றன. பாகம் ஆலைக்குள் போய்விடும், பெட்டி வெளியே வந்துவிடும். அப்படி வெளியே வந்த பைன் மரப் பலகைகளை ஆணி பிடுங்கி, நீளவாரியாகப் பிரித்து அடுக்கி விற்பது இந்தப் பக்கத்தில் ஒரு தனித் தொழில். டீக்கடை பெஞ்சு, கோழிக்கூண்டு, வாடகை அறையில் போட ஒரு கட்டில், கட்டட வேலைக்கு முட்டுப் பலகை என்று அந்த மரம் பல வேடம் எடுக்கிறது. தேக்கில் கட்டில் செய்ய வசதியில்லாத வீட்டுக்குக் கொரியாவிலோ ஜெர்மனியிலோ வளர்ந்த மரம் கட்டிலாக வந்து சேர்கிறது.

வாங்குகிறவர்கள் விலை கேட்பதற்கு முன் பலகையைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. பல பலகைகளில் சூடு வைத்தது போல ஒரு முத்திரை இருக்கும். ஒரு பக்கம் கோதுமைக் கதிர் போன்ற சின்னம், பக்கத்தில் நாட்டைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகள். கே.ஆர். என்றால் தென்கொரியா, ஜே.பி. என்றால் ஜப்பான், டி.இ. என்றால் ஜெர்மனி. அதன் கீழே எச்.டி. அல்லது எம்.பி. என்று இருக்கும். விஷயம் இந்தக் கடைசி இரண்டு எழுத்தில்தான் இருக்கிறது. மரப்பெட்டியோடு ஒரு நாட்டு வண்டும் புழுவும் இன்னொரு நாட்டுக் காட்டுக்குள் புகுந்துவிடக் கூடாது என்பதற்காக 2002-இல் சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் கீழ் ஒரு விதி வகுக்கப்பட்டது. எச்.டி. என்றால், மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸை எட்டி, குறைந்தது 30 நிமிடம் அந்தச் சூட்டில் இருந்திருக்கிறது என்று பொருள். எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயுவைப் புகையாக விட்டுப் பூச்சியைக் கொன்றிருக்கிறார்கள். எச்.டி. பலகையில் தாராளமாகக் கட்டில் செய்யலாம். எம்.பி. பலகையைக் குழந்தை படுக்கும் இடத்துக்கும் அடுப்படி அலமாரிக்கும் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது. எண்ணெயோ ரசாயனமோ ஊறிக் கறுத்த பலகை எந்த முத்திரையோடு வந்தாலும் வீட்டுக்கு வேண்டாம்.

இப்படி முகவரியோடும் ஜாதகத்தோடும் வருகிற குப்பை வேறு உண்டா என்பது சந்தேகம். ஆலைக்குள் இதற்குக் குப்பை என்ற பெயரே கிடையாது, 'ஸ்கிராப்' என்பார்கள். தகடு வெட்டியது போக மிச்சம் ஓரிடம், அட்டைப்பெட்டி ஓரிடம், பாலித்தீன் உறை ஓரிடம், மரம் ஓரிடம். ஒவ்வொன்றுக்கும் எடை, ஒவ்வொன்றுக்கும் விலை, எடுத்துச் செல்ல ஒப்பந்தம். அந்த ஒப்பந்தம் யாருக்கு என்ற போட்டி மிரட்டலாகி, வெட்டுக்குத்தாகி, கொலை வரை போன செய்திகளை இந்தப் பகுதி மக்கள் நாளிதழில் பலமுறை படித்திருக்கிறார்கள். கழிவு என்று ஒதுக்கியதற்காக உயிர் போகிறது என்றால், அதில் எவ்வளவு பணம் புழங்கும் என்று ஊகிக்கலாம்.

அதே சாலையில் சில கிலோமீட்டர் தள்ளி ஓர் ஊரின் குப்பை கொட்டும் இடம் இருக்கும். அங்கும் அட்டை உண்டு, பாலித்தீன் உண்டு, மரம் உண்டு, தகடு உண்டு. விலைதான் இல்லை. அட்டையின் மேல் நேற்றைய சாம்பார் கொட்டியிருக்கிறது. பாலித்தீன் பைக்குள் மீன் செதிலும் குழந்தையின் டயப்பரும் ஒன்றாகக் கிடக்கின்றன. ஆலையில் சரக்காக இருந்த அதே பொருள் இங்கே குப்பையாகிவிடுகிறது. நடந்தது ஒன்றுதான்: கலந்துவிட்டது.

கண்ணாடி இதைத் தெளிவாகக் காட்டும். ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் நிறுவனத்தின் தட்டைக் கண்ணாடி ஆலை 2000-ஆம் ஆண்டிலிருந்து ஓடுகிறது. மணல், சோடா உப்பு, சுண்ணாம்புக்கல் முதலானவற்றை 1,500 டிகிரிக்கு மேல் உருக்கி, உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுத் தகடாக்குவது இந்த வகை ஆலைகளின் முறை. வெட்டும்போது உதிரும் ஓரங்கள் வீணாவதில்லை. நொறுக்கி மீண்டும் உலைக்கே அனுப்பிவிடுகிறார்கள். உடைத்தூள் சேரச் சேர உலைக்கு எரிபொருள் குறையும். மூலப்பொருளில் பத்து சதவீதம் உடைகண்ணாடியாக இருந்தால் எரிசக்தி சுமார் இரண்டரை முதல் மூன்று சதவீதம் மிச்சமாகும் என்பது கண்ணாடித் தொழிலின் பொதுக் கணக்கு. அப்படியானால் ஊரில் உடைந்த சன்னல் கண்ணாடியை எல்லாம் அந்த உலையில் போட்டுவிடலாமே? முடியாது. ஒரு சில்லுப் பீங்கானோ, ஒரு கூழாங்கல்லோ, அடுப்பில் வைக்கும் கண்ணாடிப் பாத்திரத்தின் ஒரு துண்டோ உள்ளே போனால் போதும், அது உருகாமல் நின்று தகட்டில் புள்ளியாகத் தெரியும். உலைக்காரர் கேட்பது சுத்தமான, ஒரே வகைக் கண்ணாடி. ஊர் அனுப்புவது தேங்காய் ஓட்டோடு சேர்ந்த கண்ணாடி.

தமிழ் வீடுகள் ஒரு காலத்தில் இந்தப் பிரிக்கும் வேலையைச் சொல்லிக்கொடுக்காமலே செய்தன. "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்ற குரல் தெருவில் கேட்டால் பிள்ளைகள் கொல்லைக்கு ஓடுவார்கள். உடைந்த கீல், தேய்ந்த லாடம், ஓட்டை வாளி எல்லாம் மூலையில் தனியே கிடக்கும், பழம் வரும் நாளுக்காக. பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கிடைத்தது. நைந்த புடவை தூளியானது, தூளியும் கிழிந்த பிறகு கரித்துணியானது. மாட்டு வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை, லாரி டயரில் வெட்டிய செருப்பு, பிள்ளைகள் குச்சியால் தட்டி ஓட்டிய சைக்கிள் டயர் என்று இந்தப் பட்டியல் நீளும். இதைச் சிக்கனம் என்று மட்டும் பார்ப்பது குறை. பொருளின் அடுத்த பிறவி எது என்று அந்த வீடுகளுக்குத் தெரிந்திருந்தது.

காயலான் கடை அந்த அறிவின் மிச்சம். காயல்பட்டினத்து வணிகர்கள் தொடங்கிய தொழில் என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், படப்பை, ஒரகடம் என்று எந்த ஊரிலும் ஒரு தகரக் கொட்டகையும் தராசும் இருந்தால் போதும், கடை தயார். கடைக்காரர் கையில் ஒரு காந்தத்தை வைத்துக்கொண்டு ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியமோ நல்ல எவர்சில்வரோ என்று நொடியில் பிரிப்பார். பிளாஸ்டிக்கை நகத்தால் கீறி, வளைத்து, தட்டிச் சத்தம் கேட்டு வகை சொல்வார். தண்ணீர் பாட்டில் ஒரு ரகம், பக்கெட் ஒரு ரகம், குழாய் ஒரு ரகம். எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் தராத பொருளியல் படிப்பு இது.

இந்தக் கடைகளில் வாங்கும்போது ஒரு பொருளில் மட்டும் கவனம் வேண்டும்: 200 லிட்டர் நீல நிற டிரம். தண்ணீர்ப் பஞ்சமுள்ள தெருக்களில் அது வீட்டுக்கு வீடு நிற்கிறது. சில டிரம்கள் பழச்சாறோ, சர்க்கரைப் பாகோ ஏற்றி வந்தவை. சில, பெயின்ட் கரைப்பானும் அமிலமும் ஏற்றி வந்தவை. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். நச்சுப்பொருள் இருந்த காலி டிரம்மை அபாயகரக் கழிவு விதிகள் அபாயகரக் கழிவாகவே கருதுகின்றன. அனுமதி பெற்ற இடத்தில் கழுவிச் சுத்திகரிக்காமல் அதை விற்கக் கூடாது. ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்துவிட்டுத் தரும் டிரம்மில் குடிதண்ணீர் பிடிக்காதீர்கள் என்று இந்தப் பகுதியின் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் எழுதி வைக்கலாம். சில கடைகளில் செம்புக் கம்பியை எரித்து மேலுறையை நீக்குவதும் இதே போல ஆபத்துதான். அந்தக் கறும்புகையை முதலில் சுவாசிப்பது எரிக்கிற ஆளும் பக்கத்து வீட்டுக் குழந்தையும்.

இனி குப்பை மேடு. தமிழ்நாட்டுப் பேரூராட்சிகளில் இப்போது அதன் பெயர்ப்பலகை மாறியிருக்கிறது. 'வளம் மீட்புப் பூங்கா' என்று எழுதியிருக்கும். நல்ல பெயர். உள்ளே மக்கும் குப்பைக்கு உரத்தொட்டி, மக்காததைப் பிரிக்க மேடை, கட்டு கட்டும் இயந்திரம் என்று ஏற்பாடு இருக்கும். பெயருக்கேற்ற பூங்காவாக அது இருக்கிறதா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் காலை ஆறரை மணிக்கு வாசலில் வந்து நிற்கும் வண்டிக்கு வீட்டுக்காரர் ஒரு வாளி நீட்டுகிறாரா, இரண்டு வாளி நீட்டுகிறாரா என்பதுதான்.

ஆலைப் பகுதி ஊர்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. இங்கே மக்கள்தொகை இயல்பாக வளர்ந்ததல்ல, பேருந்தில் வந்து இறங்கியது. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். ஒரு சிறு நகரமே ஒரே வளாகத்தில். அது போக ஒற்றை அறைக்குள் ஆறு பேர், எட்டு பேர் என்று வாடகைக்கு இருக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள், பரோட்டாக் கடைகள், பார்சல் உணவு. பேரூராட்சியின் வண்டியும் ஆட்களும் பழைய ஊருக்குக் கணக்குப் போட்டவை. மிஞ்சுவது ஏரிக்கரையில் சேர்கிறது. ஏரிகளால் பின்னப்பட்ட பூமி இது. ஒன்றின் கலங்கல் அடுத்ததன் வரவுக்கால். கரையில் கொட்டியதன் சாறு மழையோடு இறங்கினால் அடுத்த ஏரி, அதற்கடுத்த ஏரி என்று போகும். சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கமும் இதே வட்டாரத்தில்தான் இருக்கிறது.

கொட்டிவிட்டுப் பிறகு பிரிப்பதும் நடக்கிறது. சென்னைப் பெருங்குடியில் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த மேட்டைத் தோண்டி, சுழலும் பெரிய சல்லடைகளில் போட்டுச் சலித்தார்கள். மண் ஒரு பக்கம், கல் ஒரு பக்கம், எரியக்கூடிய பிளாஸ்டிக்கும் துணியும் ஒரு பக்கம். எரியும் பகுதி லாரி ஏறி அரியலூர்ப் பக்கத்து சிமென்ட் ஆலைகளின் சூளைக்குப் போனது. செய்ய வேண்டிய வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் தொடக்கத்திலேயே தனியாக இருந்திருந்தால் வாளியாகவோ குழாயாகவோ மறுபிறவி எடுத்திருக்க வேண்டிய பிளாஸ்டிக், இருபது ஆண்டு சேற்றில் ஊறிய பிறகு விறகாக மட்டுமே பயன்படுகிறது.

மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்டதும் இதைத் தொட்டுத்தான் நிற்கிறது. சாலைக்குப் போடும் ஜல்லியை 160, 170 டிகிரிக்குச் சூடாக்கி, பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கை அதன் மேல் தூவினால், அது உருகி ஒவ்வொரு கல்லின் மேலும் மெல்லிய தோல் போலப் படரும். பிறகு தாரை ஊற்றினால் பிடிப்பு கூடும், தண்ணீர் உள்ளே இறங்காது. 2002-இல் கல்லூரி வளாகத்திலேயே அப்படி ஒரு சாலை போட்டுக் காட்டினார். 2018-இல் பத்மஸ்ரீ வந்தது. ஒரு கிலோமீட்டர் ஒருவழிச் சாலைக்குச் சுமார் ஒரு டன் பிளாஸ்டிக் வேண்டும். பிஸ்கட் உறை, மளிகைப் பை என்று காயலான் கடையே தொடாத பொருளுக்கு அவர் வேலை கொடுத்தார். ஆனால் அதிலும் நிபந்தனை உண்டு. பிளாஸ்டிக் உலர்ந்திருக்க வேண்டும், மண் இருக்கக் கூடாது, சூட்டில் நச்சுவாயு விடும் பி.வி.சி. ஒரு துண்டும் கலக்கக் கூடாது. விழா முடிந்து குடிசைக் கூரையிலும் வைக்கோல் போரிலும் ஏறியிருக்கும் பேனர்கள் பெரும்பாலும் பி.வி.சி. பூசியவை. அவற்றைக் கூரையில் விடலாம், எரிப்பதோ சாலையில் கலப்பதோ கூடாது.

பொருளைப் பிரித்து வைத்துக்கொண்டு, செய்யத் தெரிந்த ஆளும் இருந்தால் மட்டும் போதுமா? குத்தம்பாக்கத்தின் கதை அதற்குப் பதில் சொல்லும். திருமழிசையைத் தாண்டி, ஸ்ரீபெரும்புதூர் போகும் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். 1996-இல் ரங்கசாமி இளங்கோ அங்கே ஊராட்சித் தலைவரானார். வேதிப் பொறியியல் படித்தவர், ஆய்வகப் பணியை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவர். ஊருக்குள் கழிவுநீர்க் கால்வாய் கட்ட வேண்டியிருந்தது. எஸ்டிமேட்டில் கண்டபடி வெளியிலிருந்து பொருளை வாங்காமல், பக்கத்தில் கருங்கல் வேலை செய்யும் இடங்களில் கழித்துப்போட்ட கல் துண்டுகளைக் கொண்டுவந்து, ஊர் ஆட்களைக் கொண்டே கட்டினார். கால்வாய் உறுதியாக நின்றது, செலவு குறைந்தது. ஆனால் எஸ்டிமேட்டில் எழுதியது ஒன்று, கட்டியது ஒன்று. புகார் போனது, அவர் பதவியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். அவர் உண்ணாவிரதம் இருந்தார். கிராம சபை அவர் பக்கம் நின்றது. விசாரணைக்குப் பிறகு பதவி திரும்பக் கிடைத்தது.

பணம் மிச்சப்படுத்தியவர் மேல் நடவடிக்கை எப்படி வரும் என்று தோன்றும். அதிகாரிகளின் பக்கம் நின்று பார்த்தால் ஒரு விஷயம் புரியும். அரசு வேலையில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு விலைப்பட்டியல், ஒரு தரக் குறிப்பு, அளவு எழுத 'எம்-புக்' எனப்படும் அளவுப் புத்தகம். ஊழலைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. அதில் 'கழித்துப்போட்ட கல்' என்று ஒரு வரி இல்லை. வரி இல்லாத பொருளை எழுத இடமும் இல்லை. புதிய செங்கல்லும் புதிய ஜல்லியும் வாங்குவதுதான் எல்லாருக்கும் பாதுகாப்பான வழியாகிவிடுகிறது. இளங்கோ பிறகும் ஓயவில்லை. அந்த ஊர் சமத்துவபுரத்தில் ஒரு சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகள் எழுந்தன. ஒரு பாதியில் தலித் குடும்பம், மறுபாதியில் வேறு சாதிக் குடும்பம். அழுத்திய மண்கட்டிகளை ஊர்க்காரர்களே செய்தார்கள். அதே ஊரின் மேய்க்கால் நிலத்தில் பக்கத்து நகராட்சிகளின் குப்பையைக் கொட்டும் திட்டம் வந்தபோது, குத்தம்பாக்கம் எதிர்த்து நின்று பசுமைத் தீர்ப்பாயம் வரை போனதில் வியப்பில்லை. எந்தக் கழிவு எங்கே பயன்படும் என்று கையால் செய்து பார்த்த ஊர் அது.

இளங்கோவை இடைநீக்கம் செய்ததற்கு நேர்மாறாக ஓர் அரசு நடந்துகொண்ட சம்பவம் சண்டிகரில் உண்டு. நேக் சந்த் அங்கே பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். புது நகரத்துக்காக இடித்த கிராமங்களின் உடைசல்களை 1950-களின் இறுதியிலிருந்து சைக்கிளில் அள்ளிவந்து, கட்டடம் எதுவும் கூடாது என்று ஒதுக்கப்பட்ட காட்டு நிலத்தில் வேலை முடிந்த பிறகு தனியாக உட்கார்ந்து சிலை செய்தார். உடைந்த வளையல் புடவையானது. பீங்கான் கோப்பை கிளியானது. மின்சார ஃபியூஸ் கட்டைகளும் பீங்கான் காப்பான்களும் சுவராயின. ஏறத்தாழ பதினெட்டு ஆண்டு யாருக்கும் தெரியாது. 1975-இல் கண்டுபிடித்தார்கள். சட்டப்படி இடித்திருக்க வேண்டும். 1976-இல் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அவருக்குச் சம்பளமும், உதவிக்கு ஐம்பது தொழிலாளர்களும் கொடுத்தார்கள். 2015-இல் அவர் காலமானபோது உலகம் அறிந்த கலைஞர். அந்த நகரம் எம்-புக்கில் ஒரு புதிய வரி எழுதிக்கொண்டது என்று சொல்லலாம்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் அப்படி ஒரு வரி தேவைப்படும் ஆட்கள் குப்பை மேட்டிலேயே இருக்கிறார்கள். கோணிப்பையும் கொக்கியும் கொண்டு பொறுக்குகிறவர்கள். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், இவர்களை அடையாளம் கண்டு உள்ளாட்சியின் வேலையில் சேர்த்துக்கொள்ளச் சொல்லின. அதே விதிகள், நாப்கினையும் டயப்பரையும் தனியே பொதிந்து கொடுக்கும்படி வீட்டுக்காரருக்கும் சொல்லின. இரண்டுமே ஒரே கையைக் காப்பாற்றத்தான். ஊசி குத்திய கையோடு அடுத்த நாளும் அதே மேட்டுக்கு வரும் அந்த மனிதர்களின் கண்ணுக்குத் தெரிவது, வளாகத்துக்கு வளாகம் வைத்திருக்கும் பச்சை, நீலத் தொட்டிகளுக்கு இன்னும் தெரியவில்லை.

இந்த ஆலைப் பகுதியில் செய்த பொருளே இங்கே கழிவாகத் திரும்பும் காலமும் வந்துவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் வெளிவந்த முதல் சான்ட்ரோ கார்களுக்கு வயது இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது. ஆயுள் முடிந்த வண்டியை முறையாகப் பிரிப்பது எப்படி என்று காட்ட, ஒரகடத்தில் உள்ள வாகன ஆராய்ச்சி மையத்தில் 2011-இலேயே ஒரு மாதிரிக் கூடம் அமைத்தார்கள். பதிவு பெற்ற பிரிப்பு மையங்களுக்கான மத்திய அரசின் விதிகள் 2021-இல்தான் வந்தன. வரிசை மாறக் கூடாது என்பது அந்த வேலையின் முதல் பாடம். முதலில் பேட்டரி. பிறகு பெட்ரோல், எஞ்சின் எண்ணெய், பிரேக் எண்ணெய், ரேடியேட்டர் தண்ணீர், ஏசி வாயு, ஒவ்வொன்றும் தனித்தனிக் கலத்தில். பிறகு காற்றுப்பை, டயர், கதவு, எஞ்சின். கடைசியில் கூடு. எடையில் மூன்றில் இரண்டு பங்கு இரும்பும் எஃகும் என்பதால் கூட்டுக்கு எப்போதும் ஆள் உண்டு. காயலான் கடையின் திறந்த வெளியில் இந்த வரிசை தலைகீழாகும். எண்ணெய் மண்ணுக்குப் போகும், வாயு காற்றுக்குப் போகும், இரும்பு மட்டும் தராசுக்குப் போகும்.

முன் கண்ணாடிதான் இரண்டு இடத்திலும் சிக்கல். இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைத்து அழுத்திச் செய்தது அது. விபத்தில் சில்லு தெறிக்காமல் பிடித்துக்கொள்ள அந்தப் படலம் வேண்டும். அதே படலம் இருப்பதால் உலைக்காரருக்கு அது வேண்டாம், பிளாஸ்டிக் வாங்குகிறவருக்கும் வேண்டாம். பிரிக்கத் தனி இயந்திரம் தேவை. அந்த இயந்திரம் இல்லாத கடையில், மற்ற எல்லாப் பாகமும் விலைபோன பிறகு, முன் கண்ணாடிகள் தகரக் கொட்டகையின் பின்சுவரில் ஒன்றன் மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடக்கின்றன.